பழைய கணிப்பொறியில் ஒரு வழங்கி

நம் பாட்டிமார் ஒரு நூல்புடவையை எளிதில் தூக்கி எறிந்துவிடமாட்டார்கள். உடுத்திப் பழசானால் அது பேரப்பிள்ளைக்குத் தூளியாகும். பிள்ளை வளர்ந்து தூளியை விட்டு இறங்கிவிட்டால், அடுப்படியில் சட்டி இறக்கும் கரித்துணியாகும். ஒரு பொருளின் முதல் வேலை முடிந்ததும் அதன் உழைப்பே முடிந்துவிட்டது என்று அவர்கள் எண்ணியதில்லை. கணிப்பொறிக்கும் இது பொருந்தும் என்பதை இந்த ஆண்டு நாங்கள் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

நம் பள்ளிக் கணிப்பொறி அறையின் மூலையில், 2009-ஆம் ஆண்டு வாங்கப்பட்ட கணிப்பொறி ஒன்று துணி மூடிக் கிடந்தது. அதன் நினைவகம் 2 ஜிபி. வன்தட்டு 160 ஜிபி. பழைய சாமான்காரருக்குப் போடுவதற்காக ஒதுக்கி வைத்திருந்த அதனை, பதினோராம் வகுப்பு மாணவியரும் நானும் ஆறு சனிக்கிழமைகள் உழைத்து ஒரு வழங்கியாக மாற்றினோம். இன்று அறையிலுள்ள மற்றக் கணிப்பொறிகள் யாவும் அதனிடம் கேட்டுப் பக்கங்களைப் பெறுகின்றன. அதை எவ்வாறு செய்தோம், எங்கே தவறினோம், எதைக் கற்றுக்கொண்டோம் என்பவற்றை, பின்னால் வரும் மாணவியருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

வழங்கி என்பது யாது?

'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஓட்டல்தான் நினைவுக்கு வரும். 1964-ஆம் ஆண்டு வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் ஏற்ற வேடமும் அதுவே. கணிப்பொறி உலகின் சர்வரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதனைத் தமிழில் வழங்கி என்கிறோம்.

ஓட்டலில் நாம் மேசையில் அமர்ந்து "இரண்டு இட்லி" என்கிறோம். சர்வர் சமையற்கட்டுக்குச் சென்று இட்லியை எடுத்துவந்து நம் முன் வைக்கிறார். இட்லியை அவர் அவிப்பதில்லை, உண்பதுமில்லை. கேட்டதைக் கேட்டவரிடம் சேர்ப்பதே அவர் வேலை. இங்கே நாம் என்பது உலாவி. சமையற்கட்டு என்பது வன்தட்டு. இட்லி என்பது அதில் சேமித்துள்ள பக்கம். இடையே ஓடுகிறவர் வழங்கி மென்பொருள்.

ஆகவே, வழங்கி என்பது பெரிய குளிரூட்டிய அறையில் இருக்கும் ஏதோ ஓர் அதிசய இயந்திரமன்று. எந்தக் கணிப்பொறியில் வழங்கி மென்பொருளை நிறுவி, வேண்டியவாறு அமைத்து, கேட்பவருக்காகக் காத்திருக்கச் செய்கிறோமோ, அதுவே வழங்கி.

இதற்கு நல்ல சான்று உண்டு. உலகின் முதல் வலை வழங்கி 1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இயங்கத் தொடங்கியது. அதனை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அது அவருடைய மேசைமேல் இருந்த 'நெக்ஸ்ட்' என்னும் கணிப்பொறியே. யாரேனும் தெரியாமல் நிறுத்திவிடக்கூடாதே என்று, 'இது ஒரு வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்தாதீர்' என்ற பொருளில் ஒரு காகிதத்தில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்திருந்தார்கள். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் அந்த மென்பொருளை எல்லோரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு அளித்துவிட்டது.

பழைய கணிப்பொறி போதுமா?

போதும். யூனிகோடு முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு இடம் பிடிக்கும். 2,000 குறியீடுகள் கொண்ட ஒரு பக்கக் கட்டுரை 6,000 பைட்டுகளே ஆகும். இதனை எடுத்துக் கொடுப்பதற்குப் பெரிய பலம் தேவையில்லை. கணிப்பொறியைத் திணறச் செய்வன வண்ணத் திரைகளும், சாளரங்களும், அசையும் படங்களுமே. வழங்கிக்கு அவை வேண்டியதில்லை. வேலை தொடங்கிய பின் அதற்குத் திரையும் வேண்டாம், விசைப்பலகையும் வேண்டாம்.

எனினும் பழைய கணிப்பொறியை அதன் பழைய இயக்க மென்பொருளோடு அப்படியே வலைப்பின்னலில் இணைப்பது ஆபத்து. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிவுற்றது. திருத்தம் வராத மென்பொருள், தாழ்ப்பாள் பழுதான கதவைப் போன்றது. ஆதலின் புதிய இயக்க மென்பொருளை ஏற்றியே ஆகவேண்டும்.

முதற்படி: இருப்பதைக் காப்பாற்றுக

புதிய இயக்க மென்பொருளை ஏற்றும்போது வன்தட்டில் இருப்பவை அழிந்துவிடும். எனவே, அழிப்பதற்கு முன் இருப்பதை நகலெடுக்க வேண்டும். இதனை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இருந்த காலம் அது. அலுவலகக் கணிப்பொறி மெதுவாக இயங்குகிறது என்றார்கள். ஒரே மாலையில் வன்தட்டைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை, அங்கே எழுத்தராக இருந்த பெரியவர் வந்து உட்கார்ந்து, பழைய மாணவியரின் முகவரிப் பட்டியலைத் தேடினார். ஆண்டுக்கணக்கில் ஓய்வு நேரங்களில் அவர் தட்டச்சு செய்து சேர்த்த பட்டியல். அது இல்லை. நகலும் இல்லை. நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைம்மா" என்றார். அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்துவந்து, முதல் பெயரிலிருந்து மறுபடி தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அது எனக்கு இவ்வளவு நாள் நினைவில் இருந்திராது.

ஆதலால் இம்முறை முதல் சனிக்கிழமை முழுவதையும் நகலெடுப்பதற்கே ஒதுக்கினோம். கணிப்பொறியை அதன் பழைய மென்பொருளிலேயே எழுப்பி, கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு வெளித்தட்டில் எடுத்தோம். எடுத்தால் மட்டும் போதாது. நகல் சரியாக இருக்கிறதா என்று வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். அப்படித் திறந்தபோது, ஒரு கோப்புறையில் இருந்தவை யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன.

"நகல் கெட்டுப்போய்விட்டது டீச்சர், இதையெல்லாம் நீக்கிவிடலாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, "டீச்சர், ஏன் சொல்லுக்கு நடுவில் இத்தனை அரைப்புள்ளி வருகிறது?" என்றாள்.

நல்ல கேள்வி! ஆங்கிலத்தில் சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளி வராது. தமிழிலோ மெய்யெழுத்து தோறும் புள்ளி உண்டு. 'பாமினி' என்ற பழைய எழுத்துருவில் அந்தப் புள்ளியை இடுவதற்கு அரைப்புள்ளி விசையைத்தான் தட்டுவார்கள். இத்தகைய எழுத்துருக்களில் கணிப்பொறி உள்ளே சேமிப்பது ஆங்கிலக் குறியீட்டையே. திரையில் மட்டும் தமிழ் வடிவம் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், மூடியிருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிந்துவிடும். நகல் கெடவில்லை. எழுத்துரு மாற்றியின் உதவியால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றினோம். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டில் தரமாக ஏற்றுக்கொண்ட முறை அது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் உலகெங்கும் பொதுவான தனி எண் உண்டு. ஆதலால் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

மாற்றிய பின் திரையில் தெரிந்தவை என்ன? 2009 முதல் 2013 வரை வெளிவந்த நம் பள்ளி ஆண்டு மலர்களின் கட்டுரைகள். அவற்றுள் இரண்டு மலர்களின் அச்சுப் பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டதென்று நூலகத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது இறைவனடி சேர்ந்துவிட்ட அருட்சகோதரி ஒருவர், நம் வளாகத்திலுள்ள மரங்களைப் பற்றி எழுதிய கட்டுரையும் அவற்றில் இருந்தது. நாங்கள் நீக்கிவிட இருந்தது அதனைத்தான். வழங்கியில் முதலில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: பெட்டியைத் திறந்து பார்த்தல்

மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். மென்மையான தூரிகையால் விசிறிகளிலும் வெப்பம் கடத்தும் தகடுகளிலும் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் ஏறினால் கணிப்பொறி தானே நின்றுவிடும். மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் உலோகப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

தாய்ப்பலகையில் நாணயம்போன்ற ஒரு சிறு மின்கலம் இருக்கும். அதன் எண் 2032. அதன் அழுத்தம் 3 வோல்ட். கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுவே. எங்கள் பெட்டியில் அது தீர்ந்துபோயிருந்தது. கணிப்பொறி தன்னைப் பழைய ஆண்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. இது சிறு குறையன்று. மென்பொருள் களஞ்சியங்கள் தேதியிட்டுக் கையொப்பமிட்ட பட்டியல்களையே அனுப்புகின்றன. கடிகாரம் பின்தங்கியிருந்தால், 'இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று கணிப்பொறி மறுத்துவிடும். மின்கலத்தை மாற்றித் தேதியைச் சரிசெய்தோம். நினைவகத்தையும் வன்தட்டையும் சோதிக்கும் மென்பொருள்களை ஓடவிட்டு, இரண்டும் நலம் என்று அறிந்தபின் மேலே சென்றோம்.

மூன்றாம் படி: இயக்க மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகின் பெரும்பாலான வழங்கிகளை இயக்குகிறது. அதனை அடிப்படையாகக் கொண்ட தொகுப்புகளுள் ஒன்று டெபியன். 1993-ஆம் ஆண்டு இயான் மர்டாக் தொடங்கிய இதனை உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அதன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பொம்மைகளின் பெயர்களைச் சூட்டுவது அவர்கள் வழக்கம். சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியனிலிருந்து பிறந்ததே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய கணிப்பொறிகள் 32 பிட் வகை. பின்னர் வந்தவை 64 பிட் வகை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணிப்பொறியில் நிறுவ இயலாது. அத்தகைய கணிப்பொறிக்கு டெபியன் 12-தான் கடைசிப் பதிப்பு. எங்களுடையது 64 பிட் வகையாக இருந்ததால் புதிய பதிப்பையே எடுத்துக்கொண்டோம்.

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு வழியில் சிதையாமல் வந்ததா என்று அறிய ஒரு முறை உண்டு. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு, 64 குறிகள் கொண்ட ஒரு சரத்தைப் பெறலாம். இது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். டெபியன் வெளியிட்டுள்ள கைரேகையும் நாம் கணக்கிட்டதும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரு மாணவியர் ஒருத்தி வாசிக்க, ஒருத்தி சரிபார்க்க, 64 குறிகளையும் ஒப்பிட்டார்கள்.

நான்காம் படி: நிறுவுதல்

கோப்பைப் பென் டிரைவில் எழுதி, கணிப்பொறியில் செருகி, தொடக்க அமைப்பில் பென் டிரைவிலிருந்து எழும்படி வரிசையை மாற்றினோம். பிறகு வருவன கேள்விகள்: மொழி என்ன, கணிப்பொறியின் பெயர் என்ன, பயனர் யார், கடவுச்சொல் என்ன, வன்தட்டை எவ்வாறு பிரிப்பது? கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். பள்ளியின் பெயரும் ஆண்டும் சேர்ந்ததை எவரும் ஊகித்துவிடுவர்.

இறுதியில், எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். இதுதான் முக்கியமான இடம். மாணவியருக்கு எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க ஆசை. வண்ணத்திரை வேண்டும், விளையாட்டு வேண்டும் என்றார்கள். நானோ இரண்டை மட்டும் அனுமதித்தேன்: அடிப்படைக் கருவிகள், வேறு கணிப்பொறியிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச். வேண்டாததை நிறுவினால் நினைவகம் வீணாகும். அதோடு, நிறுவிய ஒவ்வொன்றும் நாம் காவல் காக்க வேண்டிய ஒரு கதவுமாகும்.

ஐந்தாம் படி: நிலையான முகவரி

வலைப்பின்னலில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடு, பள்ளி, அலுவலகம் போன்ற உள்வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. சாதாரணமாக, கணிப்பொறி எழும்போது ரௌட்டர் ஏதேனும் ஒரு முகவரியை அதற்குக் கொடுக்கும். அது நாளை மாறலாம். கேட்க வருபவருக்கு அது பாதகமில்லை. கொடுக்க இருப்பவருக்கு அது ஆகாது. நாளொரு தெருவில் கடை வைத்தால் யார் தேடி வருவார்கள்? ஆகவே ரௌட்டரின் அமைப்பில் சென்று, எங்கள் வழங்கிக்கு 50 என்று முடியும் முகவரியை நிலையாகக் குறித்துவைத்தோம்.

ஆறாம் படி: வழங்கி மென்பொருள்

1995-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'அப்பாச்சி' என்னும் வழங்கி மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். டெபியனில் 'ஆப்ட்' என்ற கட்டளை, களஞ்சியத்திலிருந்து மென்பொருளைக் கொண்டுவந்து நிறுவும். முதலில் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். பின்னரே மென்பொருளைக் கேட்க வேண்டும். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அறையின் மறுகோடியிலிருந்த கணிப்பொறியின் உலாவியில் எங்கள் முகவரியைத் தட்டினோம். 'இது வேலை செய்கிறது' என்ற பொருளில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்தது. மாணவியர் எழுப்பிய ஒலியைக் கேட்டு, பக்கத்து அறையில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த சகோதரியார் என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்துவிட்டார்.

பிறகு எங்கள் மலர்ப் பக்கங்களை அப்பாச்சிக்குரிய கோப்புறையில் வைத்தோம். இம்முறை வந்தது '403' என்ற தடை அறிவிப்பு! வழங்கி திருப்பித்தரும் எண்களுக்குப் பொருள் உண்டு. 200 என்றால் 'இதோ'; 404 என்றால் 'அப்படி ஒன்று இங்கில்லை'; 403 என்றால் 'இருக்கிறது, ஆனால் எடுத்துத்தர எனக்கு உரிமையில்லை'. எண்ணே நோயைச் சொல்லிவிட்டது. அப்பாச்சியின் பிழைப் பதிவேட்டைத் திறந்து கடைசி வரியைப் படித்ததில், எந்தக் கோப்புறையில் தடை என்பதும் தெரிந்தது.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமை எண் மூன்று இலக்கமாக இருக்கும். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது மற்றவர்க்கு. படிக்க 4, எழுத 2, இயக்க அல்லது கோப்புறைக்குள் நுழைய 1. எங்கள் கோப்புறை 700 என்று இருந்தது. உரிமையாளருக்கு 4, 2, 1 கூடி 7. மற்றவர் எவருக்கும் ஒன்றுமில்லை. அப்பாச்சியோ தனிப் பயனராக இயங்குகிறது. அதற்கு அது 'மற்றவர்'. கோப்புறைகளை 755 என்றும் கோப்புகளை 644 என்றும் மாற்றினோம். இப்போது எல்லோரும் படிக்கலாம். உரிமையாளர் மட்டுமே திருத்தலாம். பக்கம் வந்தது. எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777-ஐப் போட்டாலும் பக்கம் வரும். ஆனால் அது பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதாகும்.

ஏழாம் படி: வேண்டாத வாயில்களை அடைத்தல்

ஒரு முகவரியில் 65,535 வாயில்கள் உண்டு. வலைப்பக்கத்துக்கு 80; எஸ்எஸ்எச் நுழைவுக்கு 22. இவற்றோடு, 'கிவிக்ஸ்' என்ற மென்பொருளுக்காக 8080-ஐயும் திறந்தோம். 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கிவைத்து, இணையமில்லாமலே படிக்கத் தருவது கிவிக்ஸ். இணைப்பு அறுந்த நாளிலும் மாணவியர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைத் தேடிப் படிக்கலாம். மற்ற வாயில்களையெல்லாம் தீச்சுவர் மென்பொருளால் அடைத்தோம்.

இங்கும் ஒரு பாடம் கிடைத்தது. மாணவியர் வேறொரு கணிப்பொறியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே வேலை செய்துகொண்டிருந்தார்கள். 22-ஆம் வாயிலை அனுமதிக்குமுன் தீச்சுவரை எழுப்பிவிட்டார்கள். வெளியே வந்த பிறகு மறுபடி நுழைய முடியவில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய கதை! திரையையும் விசைப்பலகையையும் தூக்கிச் சென்று வழங்கியில் மறுபடி மாட்டித்தான் திறக்க வேண்டியதாயிற்று. முதலில் அனுமதி, பிறகு அடைப்பு என்பதே வரிசை.

பெற்றோருக்கும் ஒரு சொல். இந்த வழங்கி பள்ளியின் உள்வலையில் மட்டுமே பதில் தரும். வெளியுலகிலிருந்து எவரும் இதனை அணுக இயலாதவாறு ரௌட்டரில் வழி திறக்கப்படவில்லை. பழைய மலர்களில் அச்சாகியிருந்த வீட்டு முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் பக்கங்களில் ஏற்றும்முன் நீக்கிவிட்டோம். பெண் பிள்ளைகளின் விவரம் என்பது பள்ளியிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், அது நம்முடையதன்று.

எட்டாம் படி: நாள்தோறும் பராமரிப்பு

நிறுவியதோடு வேலை முடிவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும்படி அமைத்துள்ளோம். மலர்ப் பக்கங்களின் நகல் மூன்று இடங்களில் உண்டு: வழங்கியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, பள்ளிக்கு வெளியே பத்திரமான இடத்தில் ஒன்று. மின்தடை நேர்ந்தால் சிறிது நேரம் தாங்க யுபிஎஸ் உண்டு. அதற்குள் முறையாக நிறுத்திவிட வேண்டும்.

மின்செலவையும் மறக்கலாகாது. திரையில்லாத இத்தகைய கணிப்பொறி 60 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் இயங்கினால் 480 வாட்-மணி, அதாவது 0.48 யூனிட். 200 பள்ளி நாள்களுக்கு 96 யூனிட். புதிய சிறு கணிப்பொறிகள் இதைவிடக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆதலால் இரவிலும் விடுமுறையிலும் இதனை நிறுத்திவிடுகிறோம்.

என்றேனும் இது உண்மையிலேயே ஓய்ந்துவிட்டால், கண்ட இடத்தில் வீசிவிடக் கூடாது. கணிப்பொறிப் பலகைகளில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். சேர்க்குமுன் வன்தட்டிலுள்ளதை நகலெடுத்து, பின் முழுதும் அழித்துவிட வேண்டும்.

முடிவாக

மாணவியரே! இந்தப் பணிக்கெனப் புதிதாக வாங்கியவை ஒரு சிறு மின்கலமும் நாற்பது பக்க நோட்டு ஒன்றுமே. அந்த நோட்டில், எந்த நாளில் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், எதில் தவறினோம் என்பவை அனைத்தும் மாணவியரின் கையெழுத்தில் உள்ளன. கடவுச்சொல் மட்டும் அதில் இல்லை. அது தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களின் அலமாரியில் உறையிட்டு வைக்கப்பட்டுள்ளது. நாளை இவ்வழங்கி நின்றுவிட்டால், இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவள்கூட அந்த நோட்டைப் பார்த்து மீண்டும் எழுப்பிவிடலாம். எழுதிவைக்காத அறிவு, எழுதியவரோடு பள்ளியை விட்டுப் போய்விடும்.

மரங்களைப் பற்றிய கட்டுரையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சென்ற மாதம் வழங்கியிலிருந்து எடுத்துப் படித்தார்கள். கையில் பட்டியலோடு வளாகத்தைச் சுற்றி வந்தார்கள். அருட்சகோதரி குறித்திருந்த பதினான்கு மரங்களில் பதினொன்று இன்றும் நிற்கின்றன. இல்லாத மூன்றின் இடத்திலும் கன்று வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே, உங்கள் வீட்டிலோ தந்தையின் அலுவலகத்திலோ பழைய கணிப்பொறி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தால், எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்கு உழைப்பு பாக்கியிருக்கலாம். அதனுள்ளே இருப்பது உங்களுக்குக் குப்பையாகத் தெரிந்தால், உடனே அழித்துவிடாதீர்கள். அரைப்புள்ளிகளைக் கவனித்த அந்த மாணவியைப்போல, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.